பிடி அரிசியும் பெயர் பொறித்த கல்லும்



இரண்டு வாரமாக ஒரே கேள்வி பல எண்களிலிருந்து வருகிறது. "டீச்சர், உங்க வில்லாபுரம் சர்ச்சைப் பெருசாக் கட்டுறாங்களாமே, நாங்க எவ்வளவு அனுப்பணும்?" துபாயிலிருந்து ஒருவன், ஓசூரிலிருந்து ஒருத்தி, சொந்தத்தில் இரண்டு மருமகன்கள். தனித்தனியாகத் தட்டித் தட்டிக் கட்டைவிரல் வலிக்கிறது. அதனால் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் சரித்திர வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

கட்டடம் தேவையா என்றால், தேவைதான். நாங்கள் இங்கே குடிவந்த காலத்தில் ஆராதனைக்குப் பத்துப் பதினைந்து குடும்பம் வரும். இப்போது 200 குடும்பம் ஆகிவிட்டது. அவனியாபுரம், விமான நிலையச் சாலைப் பக்கமெல்லாம் வீடுகள் பெருகப் பெருக, தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் சபைக்கும் வந்தார்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் பாதிப்பேர் தெருவில் நின்றுதான் கேட்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளி தகரக் கொட்டகைக்குக் கீழே நடக்கிறது. சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து எந்தப் பிள்ளை வேதப்பாடம் படிக்கும்? வயதானவர்கள் ஏறச் சாய்தளம் கிடையாது, பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை கிடையாது. பக்கத்து மனை விலைக்கு வந்ததும் கமிட்டி பிடித்துக்கொண்டது சரியான காரியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

பணம் திரட்டும் முறையில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நோட்டீஸ் அடித்தார்கள். ஒரு லட்சமும் அதற்கு மேலும் கொடுப்பவர்கள் பெயர் வாசலில் கிரானைட் கல்லில். 50,000 என்றால் ஜன்னலுக்குக் கீழே சிறு பலகை. மற்றபடி குடும்பத்துக்குக் குறைந்தது 25,000, பத்துத் தவணை. தவணை பாக்கி உள்ளவர்கள் பெயர், அறிவிப்புகளோடு சேர்த்து ஆராதனையில் வாசிக்கப்படும்.

எங்கள் சபையில் பூக் கட்டிப் பிழைக்கும் ஒரு தங்கச்சி உண்டு. விதவை. வியாபாரி கொண்டுவந்து கொட்டும் மல்லிகையைக் கட்டிக் கொடுத்துக் கூலி வாங்குகிறவள். மார்கழி, தை மாதத்தில் மல்லிகை விலை ஏறிவிட்டது என்று பத்திரிகையில் போடுவார்களே, அது இவளுக்குக் கெட்ட செய்தி. வரத்து குறைந்தால் கட்டப் பூ இருக்காது, கூலியும் இருக்காது. மூன்று ஞாயிறாக அவளைக் காணோம் என்று வீட்டுக்குப் போனேன்.

"என்னம்மா, கோயில் பக்கம் காணோம்?"

"காய்ச்சலுங்க டீச்சர்."

காய்ச்சல் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. டீத்தண்ணி கொடுத்துவிட்டு, விரலில் நாரைச் சுற்றிக்கொண்டே மெல்லச் சொன்னாள். "பேரை வாசிக்கிறாங்க டீச்சர். பையன் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கான்."

நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். நான் உறுப்பினர் இல்லை. ஐயரிடம் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டேன். (பத்து நிமிடம் நாற்பது ஆனது.)

அங்கே சொன்னதில் முக்கியமானதை உங்களுக்கும் சொல்கிறேன்.

என் தாய்வீடு திசையன்விளைப் பக்கம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவாள். பானையிலிருந்து தனியாக எடுக்கக் கூடாது. சமைக்கப்போகிற அரிசியிலிருந்துதான் எடுக்கவேண்டும். அப்போதுதான் அது நம் வயிற்றிலிருந்து கொடுப்பது என்பாள். ஞாயிற்றுக்கிழமை கலயம் கோயிலுக்குப் போகும். அங்கே எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பெட்டியில் விழும். எது யார் வீட்டு அரிசி என்று எந்தக் கணக்கப்பிள்ளையாலும் சொல்லமுடியாது.

அங்கேயிருந்து கிட்டத்தில்தான் இடையன்குடி. கால்டுவெல் ஐயர் 1841 கடைசியில் அங்கே வந்தார். ஒப்பிலக்கணம் எழுதினாரே, அதே கால்டுவெல்தான். அங்குள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-இல் அடிக்கல் போட்டார்கள், பிரதிஷ்டை 1880-இல். 33 வருடம்! ஐயர் இங்கிலாந்தின் பெரிய மிஷன் சங்கம் ஒன்றின் ஊழியர். அப்படியிருந்தும் இவ்வளவு காலம். அடிக்கல் போட்டபோது மடியில் இருந்த பிள்ளை, பிரதிஷ்டைக்குத் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். ஜன்னல் வேலைப்பாடுகளைக் கொத்தனார்களுக்குப் புரியவைக்க ஐயரே களிமண்ணில் மாதிரி பிடித்துக் காட்டினார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இடையில் 1876–78 பஞ்சம் வேறு. அந்தப் பஞ்சத்தை ஒட்டி அந்தச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். ஆலயம் முடியாததால் சபை வளராமல் நிற்கவில்லை. எங்கள் கமிட்டி 18 மாதத்தில் முடிக்கவேண்டும் என்று துடிக்கிறது. யார் விரட்டுகிறார்கள் என்று தெரியவில்லை.

இன்னொருவரையும் சொன்னேன். வெள்ளாளன்விளை அசரியா. 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாகப் பாடுபட்டவர். இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அவர்கள் கொள்கை. வெள்ளைக்காரன் காலத்தில் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவருடைய மக்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள், தீண்டாமையில் நசுங்கினவர்கள். அவர்களிடம் போய்க் காணிக்கை கேட்பது சரியா? அசரியா கேட்டார். ஏழை என்பதற்காக ஒருவனைக் கொடுக்காதே என்று சொன்னால், வாங்குகிறவனாகவே இரு என்று சொன்னதாகும் என்பது அவர் எண்ணம். ஆனால் கேட்ட விதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி. பெண்கள் எடுத்து வைத்தார்கள். அங்கே பேராலயம் 1939-இல்தான் பிரதிஷ்டை ஆனது, அவர் பேராயராகி 26 வருடம் கழித்து. இந்து, இஸ்லாமியக் கட்டடச் சாயலெல்லாம் கலந்து நிற்கும் கோயில் அது.

மிசோரமிலும் இதே பழக்கம் 1910-லிருந்து இருக்கிறது. அவர்கள் 'புஹ்ஃபாய் தாம்' என்கிறார்கள். இன்று அந்தப் பிடி அரிசியிலிருந்து வருடத்துக்குக் கோடிக்கணக்கில் சேருகிறது.

இது கிறிஸ்தவர் சொத்து மட்டுமல்ல என்பதையும் சொல்லவேண்டும். நம் விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்து நடந்த பள்ளிக்கூடம். காமராஜர் படித்தது அங்கேதான். பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர் பின்னாளில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து மதிய உணவும் போட்டார். சரித்திர டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று ஐயரம்மா பிறகு சொன்னார்.

பொருளாளர் நல்ல மனிதர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அரிசியை வச்சுக் கம்பி வாங்க முடியுமா டீச்சர்?" என்றார். நியாயமான கேள்வி. அங்கேயே கணக்குப் போட்டோம். ஒரு பிடி சுமார் 50 கிராம். இரண்டு வேளை என்றால் மாதம் 3 கிலோ. கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் 135 ரூபாய். 200 குடும்பமும் கொடுத்தால் மாதம் 27,000. வருடத்துக்கு 3,24,000. இன்று கம்பி விற்கிற விலையில், எம்-சாண்ட் விற்கிற விலையில், மேல்மாடிக் கூரைக்குக்கூடக் காணாது. ஒத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பூக் கட்டும் தங்கச்சிக்கு அவர்கள் வைத்திருக்கும் இடம் 25,000-ஐக் கட்டாதவர் பட்டியல். பிடி அரிசியில் அவளுக்கு இருக்கும் இடம் மற்ற எல்லாருக்கும் உள்ள அதே இடம். இதற்கு விலை என்ன என்று கேட்டேன். வசதி உள்ளவர்கள் லட்சமாகக் கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதைப் பட்டியல் போடாமல் வாங்குங்கள். இராஜாக்கள் புத்தகத்தில் யோவாஸ் காலத்தில் ஆலயம் பழுதுபார்க்க ஆசாரியன் என்ன செய்தான்? ஒரு பெட்டி எடுத்து மூடியில் துவாரம் போட்டு வைத்தான். துவாரத்துக்கு யார் போட்டது என்று தெரியாது.

அப்போது ஒரு தம்பி, "ஏழை விதவை ரெண்டு காசு போட்டாளே டீச்சர், அதை மட்டும் ஆண்டவர் எல்லாருக்கும் தெரியச் சொன்னாரே" என்று மடக்கினார். கட்டட நிதி என்றாலே அந்த விதவையை இழுத்துக்கொண்டு வருவார்கள். மாற்கு 12-ஐ முழுதாக வாசியுங்கள் என்றேன். அவளுக்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி இருக்கிறது. அவளுக்கு அடுத்து, 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஒரு சீஷன் ஆலயத்தின் கல்லைப் பார்த்து வியக்கிறான்; ஒரு கல்லின்மேல் ஒரு கல் நிற்காது என்று பதில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் அவளை வைத்திருக்கிறார் மாற்கு. நோட்டீஸில் போடும்போது நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது நிலைமை இதுதான். பாக்கிப் பட்டியல் வாசிப்பது அந்தக் கூட்டத்தோடு நின்றுவிட்டது. ஐயர் எழுந்து, "இனி வாசிக்க மாட்டேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். பிடி அரிசி தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. முதல் ஞாயிறு 11 கிலோ. போன ஞாயிறு 64 கிலோ.

தொல்லைகளும் உண்டு. ஒருவர் பொன்னி, ஒருவர் இட்லி அரிசி, ஒருவர் புழுங்கல், ஒருவர் பச்சை. கலந்த அரிசியை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? ரேஷன் அரிசியும் வருகிறது. அதை விற்கக் கூடாது, சட்டம். அதற்காக வேண்டாம் என்று திருப்பவும் முடியாது, அது வருகிற வீடுகளுக்காகத்தானே தொடங்கினோம். கடைசியில், ரேஷன் அரிசியைத் தனியாகப் பிரித்து மாதக் கடைசி ஞாயிறு எல்லாருக்கும் சமைத்துப் போடுவது, மற்றதை வகைக்கு ஒரு பெட்டியில் வாங்கி, ஆராதனை முடிந்ததும் அறுப்பின் பண்டிகை மாதிரி ஏலம் விடுவது என்று ஆனது. ஏலத்தில் 5 கிலோ இட்லி அரிசி 700 ரூபாய்க்குப் போனது! எடுத்தவர் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார். பூக் கட்டும் தங்கச்சி நான்காவது வாரம் மகனோடு வந்தாள். பை அவன் கையில் இருந்தது.

கிரானைட் கல் விவகாரம் தீரவில்லை. டியூப்லைட்டில் வெளிச்சம் மறைய 'உபயம்' எழுதும் ஊர் நம்முடையது. அவ்வளவு எளிதில் தீராது. ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கவும் மாட்டேன். ஒரு பெரியவர் ஊரில் மனையை விற்று இரண்டு லட்சம் கொடுத்திருக்கிறார். இறந்துபோன மனைவியின் பெயர் அந்தச் சுவரில் இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்கிறார். "நாற்பது வருஷம் கூட்டிப் பெருக்கின இடம் டீச்சர்" என்கிறார். அவரிடம் போய் மாற்குவைத் திறக்க எனக்கு வாய் வரவில்லை. தொகை போடாமல், சபையில் மறைந்தவர்கள் எல்லார் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் ஒரே கல்லில் போடலாமே என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் பேசுவார்கள்.

இனி உங்கள் கேள்விக்குப் பதில். குறைந்தது இவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். டீச்சருக்காகக் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் ஊரிலேயே இடிந்த பள்ளிச் சுவரோ, ஒழுகும் கோயிலோ, பள்ளிவாசலோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அதன்பிறகும் விருப்பம் இருந்தால், இங்கே பெட்டியில் போடுங்கள். ரசீது கிடைக்கும், பெயர் வாசிக்கமாட்டார்கள். சிமெண்டு கடை வைத்திருக்கும் என் மாணவன் காதர் ராஜா அல்ல, இன்னொருவன் (பெயர் போட்டால் திட்டுவான்), அடக்க விலைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதை மட்டும் உடனே வாங்கிக்கொண்டேன்.

மதுரையில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. அரிசியில் வண்டு விழத் தொடங்கிவிட்டது. பழைய வீடுகளில் பெரிய மூங்கில் முறமும், கண் சிறுத்த இரும்புச் சல்லடையும் பரணில் கிடக்குமே, யாரிடமாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுங்கள். புடைக்க நாங்கள் ஐந்து கிழவிகள் இருக்கிறோம்.