ஓரப் பார்வை

உச்சமுனையில் காலை பத்து மணி வெயிலுக்கு நிழல் என்று இருப்பது வாடிக்கு முன்னால் இறக்கிய கிடுகுச் சாய்ப்பு ஒன்றுதான். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். சாய்ப்பின் கீழே பெரியவர் வலை பொத்துகிறார். எழுபது வயது இருக்கும். வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் கொளுவி இழுத்துப் பிடித்திருக்கிறார். ஊசி நுழைகிறது, முடிச்சு விழுகிறது, பிழையே இல்லை. ஆனால் அவர் முகம் வேலையின் மேல் இல்லை. தலையை இடப்பக்கம் சாய்த்து, வலைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடக்கும் மணலைப் பார்த்தபடி இருக்கிறார். முடிச்சை நேரே பார்த்தால் அது மறைந்துவிடும். சற்று விலகிப் பார்த்தால்தான் மங்கலாகவாவது தெரியும். மற்றதை விரல்கள் பார்த்துக்கொள்கின்றன.

கருவாட்டுப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் கடந்து போகிறார். பெரியவரைப் பார்த்துச் சிரிக்கிறார். பெரியவர் சிரிக்கவில்லை. போனவர் பக்கத்தில் வருபவரிடம், "கிழவருக்கு இப்ப ஆக்களைக் கண்ணுக்குத் தெரியிறதில்ல" என்கிறார், ஒரு மனக்குறையோடு. அவர் சொன்னது அப்படியே உண்மை என்பது அவருக்குத் தெரியாது.

தெரியாததற்கும் காரணம் இருக்கிறது. சற்று நேரத்தில் பெரியவரே, "வடக்கால ஒரு வள்ளம் வருது" என்கிறார். இளைஞர்கள் நிமிர்ந்து தேடிய பிறகுதான் அது கண்ணில் படுகிறது. நங்கூரக் கயிற்றில் தடுக்காமல் நடக்கிறார், நாய் குறுக்கே வந்தால் விலகுகிறார். இப்படிப்பட்டவருக்குப் பார்வை போய்விட்டது என்றால் யார் நம்புவார்? போனது நடுப்பார்வை. முகங்களும் எழுத்தும் வலைக்கண்ணும் காசுத்தாளும் அங்கேதான் இருந்தன.

மகள் ஓர் உறையிலிருந்து கிளினிக் படங்களை எடுத்து, பெரியவரின் தம்பியிடம் காட்டுகிறாள். விழித்திரையின் படம். செம்மஞ்சள் வட்டம், கிளைபிரியும் இரத்தக் குழாய்கள். நடுவில், மஞ்சட் பொட்டைச் சுற்றி, வெளிர்மஞ்சள் நிறத்தில் சிதறிய திட்டுகள். அவற்றுக்கு ட்ரூசன் என்று பெயர். ஒளியை வாங்கும் கலங்கள் தங்கள் நுனியை நாளாந்தம் உதிர்க்கின்றன. அடியில் இருக்கும் நிறமிக் கலங்கள் அவற்றை விழுங்கிச் செரிக்கின்றன. மிச்சம், அதற்கும் கீழேயுள்ள மெல்லிய புரூக் மென்சவ்வைக் கடந்து இரத்தத்தில் சேர வேண்டும். வயதாக ஆக அந்த வழி தடிக்கிறது. கொழுப்பும் புரதமும் இடையில் தேங்குகின்றன. 1850களிலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் இவற்றை நுணுக்குக்காட்டியில் கண்டு எழுதிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர் கண்ணில் சிறிய ட்ரூசன் சில இருந்தால் அது நோயல்ல. 125 மைக்ரோமீற்றருக்கு மேல், அதாவது ஒரு மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்குக்கு மேல் பெருத்து, மென்மையாகி, ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கினால்தான் ஆபத்து. அப்போதும் வலியில்லை, சிவப்பில்லை, பெரும்பாலும் பார்வை மங்குவதும் இல்லை. இந்த மௌனம்தான் என்னை அஞ்சவைக்கிறது.

பெரியவருக்கு வலக்கண் முதலில் போயிருக்கிறது. இடக்கண் இரண்டு பேர் வேலையையும் இழுத்துக்கொண்டு போனதால் யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும்தான். வெள்ளெழுத்து என்று சந்தையில் கண்ணாடி வாங்கினார். பிறகு புரை என்று நினைத்து, முற்றட்டும் என்று காத்திருந்தார். புரைக்கு வில்லை மாற்றலாம். விழித்திரைக்கு மாற்றுத் திரை இல்லை. ட்ரூசனுக்கு அடியிலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்து, வலக்கண்ணின் நடுவே தழும்பாகிவிட்டது. இந்த வருடம் இடக்கண்ணிலும் கசிவு. இப்போது கண்ணுக்குள்ளேயே ஊசி மருந்து ஏற்றுகிறார்கள். முளைக்கும் குழாய்களை அது அடக்கும், மிஞ்சியதைக் காக்கும், தழும்பை அழிக்காது. தொடக்கத்தில் மாதம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வள்ளத்தில் கற்பிட்டி, அங்கிருந்து பாலாவி வழியாகப் புத்தளம், பிறகு கொழும்புப் பேருந்து. சோளகம் பலத்த நாளில் இந்தப் பயணம் என்ன பாடு என்பதை மருந்துச்சீட்டு எழுதுபவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

வாடியின் கதவில் ஒரு கட்டக் கடதாசி ஒட்டியிருக்கிறது. சுவிற்சர்லாந்துக் கண் மருத்துவர் மார்க் அம்ஸ்லர் வகுத்தது. பத்துச் சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் 400 சிறு கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. மகள் அழைக்கப் பெரியவர் எழுந்து வருகிறார். ஒரு கண்ணைப் பொத்துகிறார்.

"நேரா இருக்கோ அப்பா?"

"நடுவில தொய்ஞ்சு கிடக்கு. பாறையில பட்ட வலை மாதிரி."

மகள் அன்றைய திகதியைப் போட்டுக் குறித்துக்கொள்கிறாள். கோடு புதிதாக வளைந்தால் நாள் பார்க்காமல் ஓடிவர வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி பீடியைப் பற்றவைக்கிறார். அவருக்கும் ஐம்பத்தைந்துக்குக் குறையாது. கடல் வெயிலும் உப்புக் காற்றும்தான் அண்ணன் கண்ணைத் தின்றது என்கிறார். வெயிலின் பங்கு பற்றி ஆய்வுகள் ஒத்த கருத்துக்கு வரவில்லை. புகையைப் பற்றி அப்படியில்லை: இந்த நோயில் மனிதர் கையில் இருக்கும் காரணங்களில் முதன்மையானது அதுதான். உடன்பிறந்தவருக்கு இருந்தால் தனக்கும் வரும் வாய்ப்புக் கூடுதல். பெரிய ட்ரூசன் பரவியவர்களுக்கு விற்றமின் சீ, ஈ, துத்தநாகம் முதலியவை சேர்ந்த மாத்திரை, நோய் முற்றும் ஆபத்தைக் கால்வாசி குறைக்கிறது என்று அமெரிக்காவில் 2001இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. 2013இல் வந்த அடுத்த ஆய்வுக்குப் பின் அதிலிருந்த பீற்றா கரோட்டினுக்குப் பதில் லூட்டீனும் சியாசாந்தினும் சேர்த்தார்கள். பீற்றா கரோட்டின் புகைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டியதே காரணம். சிறு ட்ரூசன் மட்டும் இருப்பவருக்கு இந்த மாத்திரை வீண் செலவு.

தம்பி தானாகவே கதவடிக்குப் போகிறார். ஒரு கண், பிறகு மற்றக் கண்.

"எனக்கு எல்லாக் கோடும் நேராத்தான் இருக்கு. ஒண்டுமில்ல."

"கோடு நேரா இருந்தாலும் உள்ள இருக்கும் சித்தப்பா. மருந்து விட்டு, கண்மணியப் பெருசாக்கிப் பாத்தாத்தான் தெரியுமாம். கூடப்பிறந்தாக்களையும் கூட்டிவரச் சொன்னவ."

அவர் பீடியை மணலில் குத்தி அணைக்கிறார். அணைத்ததை எறியாமல் காதில் செருகிக்கொள்கிறார்.

"அடுத்த கிளினிக் எண்டைக்கு?"

"வாற புதன்."

"விடியவோ?"

"நாலு மணிக்கு வள்ளம்."