ஒரே ஆடுகளம், இரண்டு வழிகள்

ஆரியசாலைப் பகுதியில் அறையெடுத்துத் தங்கித் தமிழாய்வு செய்யும் மாணவருக்குக் காரியவட்டம் நாள்தோறும் சென்றுவரும் இடம். கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை அங்குதான் இருக்கிறது. கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறினால் ஏறத்தாழ 15 கி.மீ. அதே காரியவட்டத்தில், 1985-இல் தொடங்கப்பெற்ற இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் உள்ளது. ஒரே பேருந்திலிருந்து இறங்கும் இருவகை மாணவருள் தமிழாய்வாளர் தம் எதிர்காலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்: முதுகலை, நெட் தேர்வு, முனைவர் பட்டம், கிடைத்தால் உதவிப் பேராசிரியர் பணி. அந்தக் 'கிடைத்தால்' என்ற சொல்லிலேயே பலருக்கு இளமை கழிந்துவிடுகிறது என்பது வேறு கதை. ஆனால் வழி ஒன்றுதான். கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்றுநராக விரும்புகின்ற மற்றவருக்கோ வழிகள் இரண்டு. அவை ஒரே ஆடுகளத்தில் வந்து முடிந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

இந்தப் பிளவு இந்தியாவில் தோன்றியதன்று. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் வாழ்க்கையிலேயே அது தொடங்குகிறது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் கற்றவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் அடைபட்டுச் சலித்துப்போன மாணவர்களுக்காகப் பீச் பழக்கூடைகள் இரண்டை மாட்டி, 13 விதிகளை எழுதி இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பின்னர் மருத்துவப் பட்டமும் பெற்று 1898-இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது கூடைப்பந்துப் பயிற்றுநராக அன்று. வழிபாட்டுக்கூடத்தை நடத்துபவராகவும் உடற்கல்வி ஆசிரியராகவும். அணியைப் பார்த்துக்கொண்டது கூடுதல் வேலை. அவர் பொறுப்பில் அணி 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் வரிசையில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த கணக்கு ஆட்டத்தை உருவாக்கியவருடையதே. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பயிற்றுநராக இருந்தது 1907 வரை. ஆசிரியராக இருந்தது 1937 வரை.

அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் வேறு மண்ணால் ஆனவர். இந்த ஆட்டத்துக்குப் பயிற்றுவிக்க எதுவுமில்லை, ஆட வேண்டியதுதான் என்று நெய்ஸ்மித் அவரிடம் கூறியதாகச் சொல்லப்படுகிறது. ஆலன் அதைக் கேட்கவில்லை. நெய்ஸ்மித்துக்குப் பின் கேன்சஸ் அணியை ஏற்றார். இடையில் விலகி எலும்பு மருத்துவம் பயின்றார். 1919-இல் திரும்பிவந்து 1956 வரை அங்கேயே இருந்தார். 1927-இல் கூடைப்பந்துப் பயிற்றுநர்களுக்கென ஒரு சங்கம் உருவாக முன்னின்றார். பயிற்றுவித்தல் தனித்தொழில் என்பது பெருமளவு அவர் நிலைநாட்டியது. நெய்ஸ்மித்தின் கண்ணில் ஆட்டம் மாணவனை வளர்க்கும் கருவி. ஆலனின் கண்ணில் அது தனியே கற்கவும் கற்பிக்கவும் வேண்டிய கலை.

தமிழகத்துக்கு முதலில் வந்துசேர்ந்தது நெய்ஸ்மித்தின் வழி. அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. ஆயினும் அவர் உருவாக்க முனைந்தது உடற்கல்வி ஆசிரியர்களை. ஒரேயோர் ஆட்டத்தின் வல்லுநர்களை அன்று. நம் கல்லூரிகளில் 'பி.டி. சார்' என்று அழைக்கப்படுபவர் இந்த மரபின் வழித்தோன்றல். கூடைப்பந்து, கபடி, தடகளம், ஆண்டு விளையாட்டு விழா அனைத்தும் ஒருவர் தலையில் விழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆலனின் வழி இந்தியாவில் நிறுவன வடிவம் பெற 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்குத் தரப்படும் பட்டயம் குறிப்பிட்ட ஒரு விளையாட்டில் பயிற்றுவிப்பதற்கானது. இந்த வழியில் நடந்தவர்களுள் கேரளம் நன்கறிந்தவர் ஓ.எம். நம்பியார். அவர் துறை தடகளம். என்றாலும் பாதை இதுவே. விமானப்படையில் சார்ஜென்டாகப் பணிமுடித்தார். பட்டியாலாவில் பட்டயம் பெற்றார். கேரள மாநில விளையாட்டு மன்றத்தின் பயிற்றுநரானார். கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் பி.டி. உஷா என்ற சிறுமியைக் கண்டெடுத்தார். 1985-இல் துரோணாச்சாரியார் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது பெற்றவர்களுள் அவரும் ஒருவர். பத்மஸ்ரீ விருது வந்தது 2021-இல். அவர் மறைந்ததும் அவ்வாண்டே.

இன்று கேரளக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து ஆடுகளத்தில் இவ்விரு மரபினரையும் அருகருகே காணலாம். ஒருவர் கல்லூரியின் உடற்கல்வித் துறையைச் சேர்ந்தவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்கு உட்பட்டவர். முதுகலைப் பட்டமும் நெட் தகுதியும் உடையவர். 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அவரிடம் கூடுதலாக ஒன்றையும் கேட்கிறது: 30 வயதுக்கு உட்பட்ட ஆண் 12 நிமிடத்தில் 1800 மீட்டரும், பெண் 8 நிமிடத்தில் 1000 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். வேறு எந்தத் துறையின் உதவிப் பேராசிரியரிடமும் கேட்கப்படாத ஒன்று. மற்றவர் விளையாட்டு மன்றத்தால் கல்லூரி விளையாட்டு விடுதிக்கு அமர்த்தப்படும் பயிற்றுநர். மாணவியரின் மூட்டுவலியும், அவர்கள் எந்தப் பக்கம் திரும்பிப் பந்தெறியத் தயங்குகிறார்கள் என்பதும் அறிந்தவர் இவர். ஆனால் இவர் கல்லூரிப் பேரவையின் ஆசிரியர் அல்லர்.

பிளவின் விளைவு பதவி உயர்வில் வெளிப்படுகிறது. கல்லூரியில் இருப்பவருக்கு ஆய்வுக்கட்டுரைக்கு மதிப்பு உண்டு. ஓர் அணியை மூன்றாண்டு பொறுமையாக வளர்த்ததைக் கட்டுரையாக எழுதினால் கணக்கில் வரும். வளர்த்த வேலையை அதே துல்லியத்தோடு எண்ண ஏற்பாடில்லை. பயிற்றுநருக்கோ பதக்கம் மட்டுமே மொழி. இரண்டு அளவுகோல்களும் முக்கியமான ஒன்றைத் தவறவிடுகின்றன. கேரளத்தில் கூடைப்பந்து ஆடும் பெண்களுள் பலருக்கு ஆட்டம் என்பது மின்வாரியத்திலோ ரயில்வேயிலோ கிடைக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. ஒரு குடும்பம் தலைநிமிரும் வாய்ப்பு. பயிற்றுநரின் உண்மையான சாதனைப் பட்டியல் பிறர் பெயருக்கு வந்த பணி நியமன ஆணைகளில் இருக்கிறது. அவற்றை யாரும் அவருடைய தன்விவரக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

காலம் என்பது மற்றொரு சிக்கல். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரும்பெயரான ஜான் வூடன் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1948-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவருடைய அணி முதல் தேசியப் பட்டத்தை வென்றது 1964-இல், பதினாறாவது பருவத்தில். அடுத்த பதினோரு ஆண்டுகளில் மேலும் ஒன்பது பட்டங்கள் வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை வீட்டுக்கு அனுப்பாத நிருவாகத்துக்கும் அந்தப் பட்டங்களில் பங்குண்டு. ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் பதக்கம் காட்டவேண்டிய பயிற்றுநரிடம் பதினாறு பருவங்களைப் பற்றிப் பேசுவது கேலியாகத்தான் ஒலிக்கும். அவர் முதலாண்டு மாணவிக்கு அடிப்படையைக் கற்பிப்பாரா, அல்லது ஏற்கெனவே ஆடத்தெரிந்த மூன்றாமாண்டு மாணவியை மட்டும் களத்தில் நிறுத்துவாரா? பிந்தையதைச் செய்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

பட்டியாலாவும் காரியவட்டமும் 1987 முதல் இந்திய விளையாட்டு ஆணையம் என்ற ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. இருந்தும் சான்றிதழ்கள் இரண்டாகவே உள்ளன. ஆகவே விவரமறிந்த இளைஞர்கள் இரண்டையும் வாங்கிவைத்துக்கொள்கின்றனர்: பணி நியமனத்துக்கு முதுகலையும் நெட் தகுதியும், ஆடுகளத்துக்குப் பட்டயம். அவர்களுள் ஒருவருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால், வகுப்பு தொடங்குவதற்கு முன் விடியற்காலையிலும், முடிந்தபின் இருட்டும் வரையிலும் அவரே பயிற்றுநர். இடைப்பட்ட நேரத்தில் அனுமதிப் படிவங்களும், பந்து வாங்கிய ரசீதுகளும், எழுதி முடிக்க வேண்டிய கட்டுரையும் அவருடைய மேசையில் காத்திருக்கின்றன.