பத்துக் கட்டங்கள்

சென்ற ஐப்பசியில் ஓரிரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து என் தமக்கையின் பேரன் தொலைபேசியில் அழைத்தான். பள்ளியிறுதி வகுப்பு மாணவன்.

"நன்னா, கல்லூரி விண்ணப்பத்தில் பத்துக் கட்டங்கள் இருக்கின்றன. எட்டைத்தான் நிரப்பியிருக்கிறேன். இன்னும் இரண்டு சங்கங்களில் சேர்ந்துவிடட்டுமா?" என்று கேட்டான்.

எனக்கு இக்கேள்வியே புதுமை. நம் தமிழகத்தில் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என 200க்குக் கணக்கிட்டு வரிசைப்படுத்துவர். விளையாட்டு வீரர்க்குரிய சில இடங்கள் நீங்கலாக, மாணவன் மதிப்பெண்ணுக்கு அப்பால் என்ன செய்தான் என்று எவரும் கேட்பதில்லை.

அங்கு முறை வேறு. 1975இல் பதினைந்து கல்லூரிகள் கூடித் தொடங்கிய பொது விண்ணப்பம் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு வாயிலாயிருக்கிறது. அதில் பாடத்துக்குப் புறம்பான செயல்கள் பத்து வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகளே இடம். வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 20 வரை இடந்தருகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ நான்கோடு நிறுத்திக்கொள்கிறது. எண்ணிக்கைதான் தகுதி என்றால் இவை இப்படி வேறுபடுமா?

பட்டியலைப் படிக்கச் சொன்னேன். விவாத மன்றம், சதுரங்கம், ரோபோ குழு என நீண்டது. எட்டில் ஐந்து சென்ற ஓராண்டில் தொடங்கியவை. மணிகளைக் கூட்டினோம், வாரத்துக்கு நாற்பதைத் தாண்டியது. "பள்ளிக்கு எப்போது போனாய்?" என்றேன். சிரித்தான், பின் மௌனமானான்.

பல துறைகளில் ஈடுபடுவது குற்றமன்று. மருத்துவத்திலும் தத்துவத்திலும் ஒருங்கே சிறந்த இப்னு சீனாவைப் போற்றும் மரபு நம்முடையது. ஆனால் செயலுக்கு முன் நிய்யத்து வேண்டும். விண்ணப்பத்துக்காகப் பிறந்த ஆர்வம் விண்ணப்பத்தோடு மாய்ந்துவிடும்.

"மாலை நேரங்களில் வீட்டில் என்ன செய்கிறாய்?" என்றேன்.

"நன்னிக்கு மருந்து கொடுப்பேன். டாக்டரிடம் போனால், அவங்க தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன்."

என் தமக்கை நடமாட்டம் குன்றிய நாள் முதல், மூன்றாண்டுகளாக இது நடக்கிறது. குடும்பப் பொறுப்பு என்றே ஒரு பிரிவு அவ்விண்ணப்பத்தில் உண்டு. அறிந்தும் அவன் எழுதவில்லை.

"எழுதினால் நன்னியை விற்றது போலாகாதா, நன்னா?"

அன்றிரவு என்னிடம் விடையில்லை. செய்த நன்மையைப் பறைசாற்றுவது முகஸ்துதி என்று முப்பதாண்டுகளாக மாணவர்க்குப் போதித்து வருபவன் நான். சிந்திக்கச் சிந்திக்க ஒன்று தெளிந்தது: பிறர் காணவேண்டுமென்று செய்வதுதான் முகஸ்துதி, கேட்பவர்க்கு உள்ளதைச் சொல்வது சாட்சியம்.

மறுநாள் சொன்னேன்: "புதிதாக எதிலும் சேராதே. அந்த ஐந்தையும் நீக்கு. நன்னியிடம் அனுமதி பெற்று, அதை எழுது."

தமக்கை சொன்னாராம்: "எழுதட்டும். மருந்து கொடுக்க மறந்த இரண்டு நாளையும் சேர்த்து எழுதட்டும்."

நான்கு கட்டங்களோடு விண்ணப்பம் போயிற்று. ஒரு கல்லூரி ஏற்றது, இரண்டு மறுத்தன. எந்தக் கட்டம் எதற்குக் காரணமென்று எவரும் சொல்லவில்லை. விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது. மருந்து வேளை மட்டும் தவறவில்லை என்று தமக்கை சொன்னார். எனக்கு அது போதுமாயிருந்தது.