கழன்று விழுந்த குழாய்

இதழுக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும், இலக்கியமாக இல்லாவிட்டாலும் நம் குடும்பங்களுக்குப் பயன்பட்டால் போதும் என்று செயலாளர் அவர்கள் இருமுறை கேட்டுவிட்டார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தந்தையார் காலமானபின் கருணை நியமனத்தில் இரயில்வே குமாஸ்தாவாக அமர்ந்து, பதிவேட்டில் இலக்கங்கள் எழுதியே பழகிய கை என்னுடையது. ஆகையால் நான் முழுவதும் பட்டறிந்த ஒரு துன்பத்தைப் பற்றியே எழுதுகிறேன். ஒரு சாண் நீளமுள்ள ரப்பர்க் குழாய் எங்கள் வீட்டில் ஓராண்டுக் காலம் செய்த கலகம் அது. நம் சங்கத்தில் வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் பலர் இருப்பதால், அவர்களில் ஓரிருவருக்கேனும் இது உதவக்கூடும்.

நாங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். எனக்கு உத்தியோகம் பாறசாலை நிலையத்தில். குடியிருப்பது காரோட்டில் ஒரு வாடகை வீட்டில். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் மட்டும் கேரளத்திலேயே நின்றுவிட்டதை நம்மவர் அறிவார்கள். அந்த எல்லைக்கோட்டின் ஓரத்திலேதான் எங்கள் அடுப்பு எரிகிறது. என் மனைவியின் தம்பியோ அக்கோட்டை அன்றாடம் இருமுறை கடப்பவர். தோவாளைச் சந்தையில் பூ ஏற்றித் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இறக்குவது அவர் தொழில். கழக்கூட்டம் வரை செல்லும் புறவழிச்சாலை காரோட்டிலிருந்து புறப்படுவதால், எங்கள் வீட்டுத் திண்ணையே அவருக்குப் பாதிவழிச் சத்திரமாயிற்று.

2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் ஒரு பழைய சிறு லாரியை வாங்கினார். டர்போவும் இண்டர்கூலரும் உள்ள டீசல் வண்டி. கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்னுடையது. தவணை தவறினால் என் சம்பளத்தைத்தான் கேட்பார்கள் என்று தெரிந்தே போட்டேன். மனைவியின் முகத்தைப் பார்த்துப் போட்டேன் என்பதும் உண்மை.

டர்போ என்பதைப் பலரும் வேகம் தரும் ஏதோ மந்திரம் என்று எண்ணுகிறார்கள். கொல்லன் உலையிலுள்ள துருத்தியை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிது. எஞ்சின் கக்கும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் ஊதுகிறது. காற்று மிகுந்தால் மிகுந்த எண்ணெயை எரிக்கலாம். எரிப்பு மிகுந்தால் வலுவும் மிகும். ஆல்பிரட் பூஹி என்ற சுவிஸ் நாட்டுப் பொறியாளர் 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அமுக்கப்பட்ட காற்று சூடேறும். நூறு டிகிரிக்கு மேலும் செல்லும். சூடான காற்று விரிந்து மெலிந்துவிடுமாதலால், வண்டியின் முகப்பில் ரேடியேட்டர் போன்ற ஒரு தட்டில் அதைச் சுற்றவிட்டுக் குளிரச் செய்து பிறகு எஞ்சினுக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தட்டுத்தான் இண்டர்கூலர். டர்போவிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து எஞ்சினுக்கும் இரும்புக் குழாய்கள் செல்லும். எஞ்சின் ஆடும், தட்டு ஆடாது; ஆகவே இரும்புக்கும் இரும்புக்கும் இடையே ரப்பர் அல்லது சிலிக்கான் குழாயைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்குவார்கள். எங்களுக்கு வினையாக வந்தது அந்தச் செருகல்தான்.

அவ்வாண்டு திருவோணம் செப்டம்பர் 8ஆம் தேதி. அத்தம் முதல் பத்து நாளும் கேரளத்து முற்றங்களில் பூக்களம் போடுவார்கள். பூ வண்டிக்காரனுக்கு அந்தப் பத்து நாள் வருமானம் மூன்று மாதத்துக்குச் சமம். உத்திராடத்துக்கு முந்தின இரவு, செவ்வந்தியும் வாடாமல்லியும் அரளியும் ஏற்றிக்கொண்டு மைத்துனர் வந்துகொண்டிருந்தார். களியக்காவிளைக்கு முன்னுள்ள ஓர் ஏற்றத்தில் டப்பென்று ஒரு சத்தம். டயர் வெடித்ததென்றே நினைத்தாராம். இறங்கிப் பார்த்தால் டயர்கள் நன்றாயிருக்கின்றன. வண்டியோ உயிரற்றுப்போய், மிதித்தால் கன்னங்கரேலென்று புகையைத் தள்ளுகிறது. குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் செருகிக் கம்பியால் கட்டி ஒரு மைல் வந்தார், மறுபடியும் டப். இப்படி மூன்று முறை. சாலைத் தெருவை அடைந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. மூட்டைக்குள் வெந்துபோன பூவில் பாதியை வியாபாரி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதத் தவணையின் பெரும்பகுதியை நான்தான் கட்டினேன்.

பிறகு ஓர் ஒர்க்‌ஷாப்பில் புதுக் குழாயும் புதுக் கிளிப்புகளும் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரம் தாங்கிற்று. பிறகு பழைய கதைதான். ஒவ்வொரு முறையும் கிளிப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்குவார்கள். ஒரு கிளிப்பின் மரை வழுக்கிப்போயிற்று. மற்றொன்று புதுக் குழாயையே அறுத்துவிட்டது.

நான் அப்போது சொன்னதை இங்கே மறைப்பது முறையன்று. "பாரம் கூட ஏத்துறீங்க மாப்பிள்ளை, ஏற்றத்தில் கண்டபடி மிதிக்கிறீங்க. வண்டி மேல் குற்றமில்லை" என்றேன். "மிதிக்காம ஏற்றம் எப்படி ஏறும் அத்தான்?" என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து திண்ணையில் படுப்பதை விட்டு வண்டியிலேயே படுத்துக்கொண்டார். வீட்டில் சாப்பிடுவதும் நின்றது. என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தம்பிக்கென்று ஒரு பிடி அரிசி கூடப் போட்டு வடிப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. அந்தச் சோறு காலையில் பழையதாகி என் தட்டுக்கே வரும்.

இப்படி ஆறேழு மாதம் சென்றது. உதியன்குளங்கரையில் ஒரு முதியவர் இருக்கிறார். டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மலையாளி. எல்லோரும் ஆசான் என்றே அழைப்பார்கள். பயணச்சீட்டு எடுக்க வந்தவரிடம் பேச்சுவாக்கில் இந்தக் குழாய்ச் சங்கதியைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் வேலைசெய்தது அமெரிக்க ஆல்கோ வடிவத்து எஞ்சின்களில். 1962இல் கப்பலில் வந்து, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்ட 2,600 குதிரைத் திறன் கொண்ட அந்த எஞ்சின்களிலும் டர்போ உண்டு, காற்றைக் குளிர்விக்கும் பெட்டியும் உண்டு. "சாரே, ஞாயிற்றுக்கிழமை வண்டி குளிர்ந்து நிற்கட்டும், நான் வருகிறேன்" என்றார்.

வந்தவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை. கிளிப்பைத் தளர்த்தச் சொல்லிக் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துழாவி, அந்த விரலை என் மூக்கெதிரே நீட்டினார். விரல் முழுவதும் எண்ணெய்.

"எண்ணெய் தேய்த்துக் குளித்தவனைப் பிடித்து நிறுத்த முடியுமா சாரே?" என்றார்.

பின்பு அவர் என்னையே கணக்குப் போடச் சொன்னார். குழாயின் விட்டம் 5 சென்டிமீட்டர். வாயின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். ஏற்றத்தில் பாரத்தோடு மிதிக்கும்போது காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கிலோ என்று வைத்துக்கொண்டால், குழாயை நெட்டித் தள்ளும் விசை 24 கிலோ. என் மூத்த மகளின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். ஒவ்வோர் ஏற்றத்திலும் ஒரு பெண்குழந்தை அந்த இணைப்பைப் பிடித்துத் தொங்குகிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணெய் வழுக்கும் இடத்தில் ஒரு தகரப் பட்டை எத்தனை நாள் தாங்கும்?

எண்ணெய் எங்கிருந்து வந்ததென்பது அடுத்த கேள்வி. எஞ்சினின் அடிப்பெட்டியிலிருந்து ஆவி வெளியேறும் மூச்சுக்குழாய் அழுக்கால் அடைபட்டிருந்தது. காற்று வடிகட்டியும் தூசியால் திணறிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டினால் டர்போவின் அச்சு வழியே எண்ணெய் கசிந்து காற்றோடு கலக்குமாம். அச்சில் தேய்மானம் இல்லை என்று ஆசான் கையால் அசைத்துப் பார்த்துச் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. புது டர்போ வாங்குவதானால் என் சேமநிதியில்தான் கைவைக்க வேண்டியிருக்கும்.

மெய்யான குற்றவாளி அதற்கும் பிறகே அகப்பட்டான். தொழிற்சாலையில் செய்த இரும்புக் குழாயின் முனையில், செம்பின் வாய்விளிம்பு போல, சுற்றிலும் ஒரு புடைப்பு இருக்கும். ரப்பர்க் குழாய் அதைத் தாண்டிச் செருகப்பட்டு, புடைப்புக்குப் பின்னால் கிளிப் இறுக வேண்டும். அப்போது குழாய் வெளியேற முயன்றாலும் விளிம்பு தடுக்கும். எங்கள் வண்டியில் ஒரு முனையில் அந்த விளிம்பே இல்லை. முன்பு வைத்திருந்தவர் எங்கோ முட்டி நசுங்கிய குழாயை வெட்டி எறிந்துவிட்டு, சாதாரண மழுங்கைக் குழாயைப் பற்றவைத்திருக்கிறார். மற்ற முனையில் விளிம்பு இருந்தும், ஒர்க்‌ஷாப்காரர்கள் கிளிப்பை அதன் மேலேயே ஏற்றி இறுக்கியிருந்தார்கள். மேட்டின் மேல் கட்டிய கயிறு சரியத்தானே செய்யும்!

ஆசான் சொன்னபடி செய்தோம். வெல்டிங் கடையில் மழுங்கை முனையைச் சுற்றி ஒரு வரி பற்றவைத்து, கூர்மை இல்லாமல் அரத்தால் ராவினோம். கூர்மை இருந்தால் குழாயின் உட்புறத்தைக் கிழித்துவிடும். உதிர்ந்த தூள் ஒன்றுகூட உள்ளே தங்காதபடி குழாயைக் கழுவினோம். இரண்டு தட்டுக் குழாய்களையும் இண்டர்கூலரையும் கழற்றி எண்ணெய் போகக் கழுவி, வெயிலில் உலர்த்தினோம். மாட்டும் நேரத்தில் செருகும் பரப்பை ஸ்பிரிட் நனைத்த துணியால் மீண்டும் துடைத்தோம். எளிதாக ஏறட்டும் என்று கிரீஸோ எண்ணெயோ தடவலாகாது. தடவினால் ஏறிய வழியிலேயே இறங்கிவிடும். சில மெக்கானிக்குகள் பெண்கள் தலைக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரேயை அடித்துச் செருகுவார்களாம், காய்ந்தபின் பசை போல் பிடித்துக்கொள்ளுமென்று. அதைக் கேட்டு என் மனைவி பல மாதங்களுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் உண்டு.

கிளிப்புகளையும் மாற்றினோம். வழக்கமான திருகுக் கிளிப்பை 1921இல் ஆங்கிலக் கடற்படை அதிகாரி ராபின்சன் என்பவர் கண்டுபிடித்தார் என்று பின்னர் படித்தேன். நீர்க்குழாய்க்கு அது நல்லதே. ஆனால் அதன் பட்டையிலுள்ள பற்களின் துளை வழியே மென்மையான சிலிக்கான் பிதுங்கி அறுபடும். அழுத்தமுள்ள காற்றுக்கு அகன்ற வழவழப்பான பட்டையும் நட்டும் கொண்ட டி-போல்ட் கிளிப் மேல். அதையும் அளவோடுதான் முடுக்க வேண்டும். ரப்பர் முதற்சூட்டில் சற்று அமுங்கிக் கொடுக்குமாதலால், முதல் நாள் ஓட்டம் முடிந்து வண்டி நன்றாக ஆறியபின் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். சூட்டோடு தொடவேண்டாம், கையும் வேகும், அளவும் தவறும்.

இவ்வளவு செய்தும் ஆசானுக்குத் திருப்தி இல்லை. மைத்துனரை எஞ்சினை முடுக்கச் சொல்லி, தாம் குனிந்து பார்த்தார். எஞ்சின் ஒருபுறமாகத் தூக்கிக்கொண்டு ஆடிற்று. அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் ஒன்று கிழிந்திருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் எஞ்சின் தள்ளாடிக் குழாயைக் கையால் பிடுங்குவது போல் இழுத்திருக்கிறது. ரப்பரை மாற்றினோம், இரண்டு இரும்புக் குழாய்களுக்கும் இடையே ஒரு தகட்டுப் பட்டையைப் போல்ட் போட்டு இணைத்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகாதபடி செய்தோம்.

வழியில் கழன்றுவிட்டால் அப்படியே ஓட்டி வரலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். வடிகட்டியைத் தாண்டிய இடத்தில் வாய் திறந்திருப்பதால், எஞ்சின் சாலைப் புழுதியை அப்படியே விழுங்கும். சுமையற்ற டர்போ சக்கரமும் மிதமிஞ்சிச் சுழலும். கம்பி கட்டி ஓட்டிய நாட்களை நினைத்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இரயிலிலும் பெட்டிக்குப் பெட்டி காற்றுக்குழாய் இணைப்பு உண்டு. பிரேக் குழாயில் 5 கிலோ அழுத்தம். ஆனால் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் அமைத்த முறைப்படி, அந்த இணைப்பு பிரிந்தால் அழுத்தம் குறைந்து வண்டி முழுவதும் தானே பிரேக் பிடித்து நின்றுவிடும். பிரிவதையே காவலாக வைத்த மூளையை நான் அன்றாடம் பிளாட்பாரத்தில் பார்த்தும் நினைத்ததில்லை. லாரிக் குழாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆசான் பணம் வாங்க மறுத்துவிட்டார். அன்று மாலை மைத்துனரிடம், "மாப்பிள்ளை, குற்றம் உங்கள் காலில் இல்லை, குழாயில்தான். நான் பேசியது தவறு" என்றேன். அவர் பதில் சொல்லாமல் கைகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

2023ஆம் ஆண்டு உத்திராடம் ஆகஸ்ட் 28ஆம் தேதி. முந்தின இரவு விடுப்பு எடுத்துக்கொண்டு தோவாளையிலிருந்து அவரோடு வண்டியில் ஏறினேன். சாலைத் தெருவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மார்த்தாண்டம் கழிந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினோம். அந்தப் பழைய ஏற்றம் வந்தது. கியரை மாற்றி மிதித்தார். டர்போவின் சீழ்க்கை மெல்ல உயர்ந்துகொண்டே போயிற்று. நான் என்னையறியாமல் முன்பலகையைப் பிடித்துக்கொண்டேன். சீழ்க்கை அறுபடவில்லை. மேட்டின் உச்சி ஏறி வண்டி தானாக இறங்கத் தொடங்கியபோது, "அத்தான், கையை எடுங்க, பலகை உடைஞ்சிரும்" என்றார்.

நாலரை மணிக்கெல்லாம் பூ இறங்கிவிட்டது. திரும்பும் வழியில் காரோட்டில் வண்டியை நிறுத்தியவர், எஞ்சின் ஆறும்வரை கிளிப்பைத் தொடமுடியாதென்று திண்ணையில் வந்து உட்கார்ந்தார். உள்ளே என் மனைவி இரண்டு இலை போட்டுக்கொண்டிருந்தாள்.