பஸ் ஏறினால் அரை மணி நேரம்

ராஜபாளையத்தில் நூல் மில்லுக்கோ, பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கோ ஆள் சேர்க்கும்போது முதலில் கேட்பது, "எந்தத் தெரு, யார் வீடு?" என்பதைத்தான். கூட்டிவந்தவர் தெரிந்தவராக இருந்தால் அவர் சொல்லே ஜாமீன். அந்தக் கேள்விக்குள் சாதியும் ஒளிந்திருக்கும் என்பதால் எனக்குச் சிறுவயதிலிருந்தே அது பிடிக்காது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்து தரும் சின்ன அலுவலகத்தை இங்கே தொடங்கியபோது, வேலை கேட்டு வருகிறவரிடம் படிப்பையும் திறமையையும் தவிர வேறெதையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

2020 ஊரடங்கில் கம்ப்யூட்டர்களை ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். வேலை நின்றுவிடும் என்று பயந்தேன், நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டிருந்த பெண்கள் சிலர் திரும்பி வந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருவர், பக்கவாதம் வந்த மாமியாரை விட்டு நகர முடியாதவர் ஒருவர். இவர்களெல்லாம் சம்பாதிக்க முடிந்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. ஊரடங்கு முடிந்த பிறகும் வீட்டிலிருந்து வேலை தருவதைத் தொடர்ந்தோம்.

2023-ல் ஒரு விண்ணப்பம் வந்தது. பி.காம்., ஸ்ரீவில்லிபுத்தூர் முகவரி. அப்பாவுக்கு டயாலிசிஸ், அடிக்கடி மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும், அதனால் வீட்டிலிருந்து மட்டுமே வேலை பார்க்க முடியும் என்று எழுதியிருந்தார். வீடியோவில் பேசினேன். நிதானமான பெண். இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏன் திரும்பி வருகிறது என்று கேட்டதற்கு எங்கள் டீம் லீடரைவிடத் தெளிவாகச் சொன்னார். மார்க் ஷீட்டும் ஆதாரும் அனுப்பினார். ஆதார், ஜெராக்ஸை ஸ்கேன் செய்தது. படத்தில் முகம் கருத்துப்போயிருந்தது. சம்பளத்துக்குக் கொடுத்த வங்கிக் கணக்கு தம்பியுடையது என்றார். கம்ப்யூட்டர் வேண்டாம், சொந்த லேப்டாப் இருக்கிறது என்றார்.

இதில் ஏதாவது ஒன்றில் நான் நின்றிருக்க வேண்டும். அப்பாவுக்கு டயாலிசிஸ் என்கிற பெண்ணிடம், "ஒரு நாள் நேரில் வாங்க" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சந்தேகப்படுவதாக நினைப்பாரே என்ற கூச்சம் வேறு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம், "போற வழியில ஒரு எட்டு பார்த்துட்டு வாம்மா" என்றுகூட நான் சொல்லவில்லை.

முதலில் வேலை நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் சுத்தமாகவும் மறுநாள் தப்பும் தவறுமாகவும் வந்தது. கேமரா எப்போதும் ரிப்பேர். போனில் குரல் மாறியிருக்கிறது என்று டீம் லீடர் சொன்னபோது, சளி பிடித்திருக்கும் என்றேன். கடைசியில் அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் பெண்ணின் ஐடியில், ஒரே நேரத்தில், வடநாட்டின் இரண்டு ஊர்களிலிருந்து ஆட்கள் நுழைந்திருக்கிறார்கள். நோயாளிகளின் விவரம் இருக்கும் இடம் அது. ஒப்பந்தம் போனது. அதை நம்பியிருந்தவர்களில் பாதிப் பேரை அனுப்ப வேண்டியதாயிற்று. பக்கவாதம் வந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அதில் ஒருவர். "பரவாயில்ல மேடம்" என்று அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து, யாரோ பார்க்க வந்திருப்பதாக வெளியிலிருந்து பெயரைச் சொன்னார்கள். அதே பெயர். கோபம் தலைக்கேற, கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு எழுந்து போனேன். பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அப்பா, திடகாத்திரமான மனிதர், மடியில் ஒரு ஃபைல். அந்தப் பெண் எழுந்து நின்றார். நான் வீடியோவில் பார்த்த முகம் இல்லை அது. ஜாடைகூட இல்லை. வாய் வரை வந்த வார்த்தைகள் அப்படியே நின்றுவிட்டன.

"மேடம், நான் உங்ககிட்ட வேலை பார்த்தேனா?" என்று கேட்டார்.

அவருக்குக் கோயம்புத்தூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. யுஏஎன் என்கிற பி.எஃப். எண் போடப் போனால், அவருடைய ஆதாருக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று வந்திருக்கிறது. பாஸ்புக்கில் எங்கள் அலுவலகத்தின் பெயர். அவர் கண்ணால் பார்க்காத சம்பளத்துக்கு மாதாமாதம் கட்டிய பணம். பழைய வேலையை மறைத்துவிட்டதாகச் சொல்லி அந்த கம்பெனி சேர்க்கையை நிறுத்திவைத்துவிட்டது. அந்த எண்ணை உருவாக்கியது நாங்கள்தான். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் பொருந்தினால் போதும், அப்போது அலுவலகமே உருவாக்கிவிடலாம். வேலை தேடிய காலத்தில் மதுரையில் ஒரு கன்சல்டன்சியில் சான்றிதழ் நகல்களைக் கொடுத்திருந்தாராம். அங்கிருந்து கைமாறியிருக்கலாம்.

அப்பா சத்தம் போடவில்லை. "ஏம்மா, தேரடிக்குப் பக்கத்துலதான் இருக்கோம். ஒரு ஆள விட்டு விசாரிச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

அவர் கேட்டது சாதியை இல்லை, குலத்தை இல்லை. தன் மகள் பெயரில் யாரோ வந்து நின்றபோது, அது அவள்தானா என்று நான் பார்த்திருக்க வேண்டும் என்றார். 'யார் வீட்டுப் பெண்' என்று கேட்க மாட்டேன் என்ற பிடிவாதத்தில், 'நீங்கள்தானா இது' என்ற கேள்வியையும் சேர்த்து விட்டுவிட்டேன். முதல் கேள்வி அவமானப்படுத்துவது. இரண்டாவது, அந்தப் பெண்ணுக்கு நான் செலுத்தியிருக்க வேண்டிய மரியாதை.

பிறகு இந்த மாதிரி ஆள்மாறாட்டத்தைப் பற்றி நிறையப் படித்தேன். 2024 ஜூலையில் அமெரிக்காவின் நோபீஃபோர் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனமே ஏமாந்ததாக அறிவித்தது. நான்கு வீடியோ நேர்காணல், பின்னணி விசாரணை எல்லாம் தாண்டி ஒருவரைச் சேர்த்திருக்கிறார்கள். அவர் திருடப்பட்ட அடையாளத்தில் வந்த வடகொரியர், புகைப்படம் ஏஐ கொண்டு மாற்றப்பட்டது. விசாரணையில் எல்லாம் சரியாக வந்ததற்குக் காரணம், அந்தப் பெயருக்கு உரியவர் உண்மையிலேயே இருந்ததுதான். அரிசோனாவில் ஒரு பெண் இப்படிப்பட்டவர்களுக்காகத் தன் வீட்டில் 90-க்கும் மேற்பட்ட லேப்டாப்புகளை ஓடவிட்டு, 2025-ல் எட்டரை ஆண்டு தண்டனை பெற்றார். 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் ஏமாந்தன. படிக்கும்போது முதலில் ஆறுதலாக இருந்தது. அது நீடிக்கவில்லை. அவர்கள் கடல் தாண்டி வந்தவர்களிடம் ஏமாந்தார்கள். என் விஷயத்தில், ஒரு பஸ் டிக்கெட்டில் உண்மை தெரிந்திருக்கும்.

இப்போதும் வீட்டிலிருந்து வேலை தருகிறோம். சேரும் முதல் நாள் மட்டும் நேரில். வர முடியாதவர் வீட்டுக்கு நாங்கள் போகிறோம். ஆதாரில் உள்ள க்யூஆர் குறியை அவர் முன்னாலேயே ஸ்கேன் செய்தால் படம் வந்துவிடுகிறது. மார்க் ஷீட்டை டிஜிலாக்கரில் திறந்து காட்டச் சொல்கிறோம். சம்பளம் அவரவர் பெயரில் உள்ள கணக்குக்குத்தான். 2025 ஆகஸ்ட் முதல் புதிய யுஏஎன்னுக்கு உமங் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும் என்று பி.எஃப். நிறுவனமும் கொண்டுவந்துவிட்டது. எதற்காக இதெல்லாம் என்று நான் விளக்கும்போது இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நான்தான் வீணாகக் கூச்சப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்குக் கோயம்புத்தூர் வேலை கிடைக்கவில்லை. நான் கடிதம் எழுதிக் கொடுப்பதற்குள் சேரும் தேதி தாண்டிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் சேரச் சொன்னேன். "மொதல்ல என் பேர்ல இருக்கிறத எடுத்துக் குடுங்க மேடம்" என்றார். இப்போது ஊரிலேயே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். பி.எஃப். பதிவைத் திருத்த மனு போட்டு அலைந்துகொண்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் இருவரும் சேர்ந்தே போகிறோம். போக்குவரத்துச் செலவையாவது நான் தருகிறேன் என்றேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.