முனி அடித்த கால்

1983 ஜூலை 27, புதன்கிழமை. இலங்கையில், பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் காலையில் தொடங்கிய அடிதடி, மத்தியானத்துக்குள் தமிழ்க் கடைகளை எரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு இரண்டு மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தும், “ஊவாப் பக்கம் ஒண்ணும் வராது” என்றே எங்கள் தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை சொல்லி வந்தார். கும்பல் பறித்தெடுத்த பஸ்களிலும் வேன்களிலும் ஏறி ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று கிளம்பியது. டவுனுக்குச் சாமான் வாங்கப் போன அப்பா ரோட்டைத் தவிர்த்து மலையேறி ஓடிவந்தார். “புள்ளைகளத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போங்க.”

எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்தது அப்போதுதான் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலை. வெறும் குச்சிகள், ஒரு கோழிகூட அதில் ஒளிய முடியாது. அதைக் கடந்து அடுத்த மலைக்குப் போகும் வழியில்தான் தம்பி தண்ணீர்க் கானுக்குள் விழுந்தான். வேறு பிள்ளையாக இருந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்திருக்கும். அவனுக்கு விடிவதற்குள் முழங்கால் தொடையை விடப் பெருத்துவிட்டது. தோல் இழுபட்டுப் பளபளத்தது, தொட்டால் சுட்டது. அவன் அழுகிற சத்தம் கீழே கேட்டுவிடக் கூடாதென்று அம்மா தன் தலைக் கொங்காணியின் முனையைச் சுருட்டி அவன் வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னாள். கீழே ஹாலிஎலப் பக்கம் புகை.

ஊரடங்கு தளர்ந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கால் மடங்கியபடியே இறுகியிருந்தது. பிளாஸ்மா ஏற்றினார்கள். ரத்தம் சரியாக உறையாத அந்த நோய்க்கு ஹீமோஃபீலியா என்ற பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டது அன்றுதான். அதுவரை அது முனி அடித்தது. அம்மாவின் தம்பி ஒருவர் பல் பிடுங்கி, ரத்தம் நிற்காமல் செத்திருக்கிறார். அதற்கும் முனியைத்தான் சொன்னார்கள்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாத்தா எங்களுக்கெல்லாம் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். பாஸ்போர்ட் வந்தும் அப்பா போகாமல் தள்ளிக்கொண்டே இருந்தார். அந்த ஜூலைக்குப் பிறகு தள்ளவில்லை. தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம், கோத்தகிரி. அங்கேயும் தேயிலைதான்.

நான் படித்து அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். வைரஸின் பெருகும் பகுதியை நீக்கிவிட்டு, நோயாளிக்கு இல்லாத மரபணுவை அதில் ஏற்றி அனுப்புகிற வேலை. தம்பிக்கு இல்லாதது உறைகாரணி 8. அந்தப் புரதத்துக்கான குறிப்பு ஏறத்தாழ 7,000 டிஎன்ஏ எழுத்து. ஏஏவி என்ற சிறு வைரஸில் கொள்வதோ 4,700 சொச்சம். புரதத்தின் நடுவே தேவைப்படாத ஒரு துண்டை வெட்டியெறிந்துதான் உள்ளே நுழைக்கிறார்கள்.

1999 செப்டம்பரில் பென்சில்வேனியாவில் இப்படியொரு மரபணு சிகிச்சைச் சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன், அடினோவைரஸ் ஏற்றிய நான்காம் நாள் இறந்துபோனான். அவன் உடம்பே அந்த வைரஸுக்கு எதிராகக் கொந்தளித்துவிட்டது. அதன்பின் துறையே ஆட்டம் கண்டது. பண உதவி சுருங்கியது, கூட இருந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். பாரிஸில் நோயெதிர்ப்பு இல்லாமல் பிறந்த குழந்தைகளை ரெட்ரோவைரஸ் குணமாக்கியது. பிறகு அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. வைரஸ் மரபணுவைப் போகக் கூடாத இடத்தில் கொண்டுபோய்ச் செருகியிருந்தது. துறையை மெதுவாக நடக்கவைத்தது அந்தப் பயம்தான், அது நல்லதே என்பது என் எண்ணம்.

2024 டிசம்பரில் வேலூர் சிஎம்சியிலிருந்து அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவின் கட்டுரை வெளிவந்தது. கடுமையான ஹீமோஃபீலியா ஏ (உறைகாரணி 8 இல்லாத வகை) உள்ள ஐந்து பேர். அவர்களுடைய ரத்த மூலச் செல்களை எடுத்து, லென்டிவைரஸ் மூலம் மரபணுவைச் சேர்த்து, திரும்ப ஏற்றினார்கள். ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். அதில் ஒருமுறைகூட ரத்தக்கசிவு இல்லை. ஐந்து பேர் மிகக் குறைவு. செல்லை ஏற்றுமுன் கடுமையான கீமோதெரபி வேறு. ஆனாலும் கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்துப் போகிற ஊரில் இது நடந்திருக்கிறது.

தம்பிக்கு போன் செய்தேன். “கால் நீளுமா அக்கா?” என்றான். நீளாது, தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான் என்றேன்.

“அப்ப எனக்கெதுக்கு? எம் மக பாப்பாவுக்குப் பொறக்கப் போறது ஆம்பளப் புள்ளைன்னா, அதுக்குப் போடுவாங்களா?”

வேலூரில் சேர்த்த ஐவரும் 22 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். அதைச் சொல்லிவிட்டு, மகளுக்குப் பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் அவன் தன் நோயை இப்போதே சொல்லிவைக்கச் சொன்னேன்.