அறை தந்த குரல்

தெஹிவளையிற் காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடையே நின்ற பழைய ஓட்டு வீடொன்று சென்ற ஆண்டு இடிபட்டது. அங்கே இப்போது தொடர்மாடி எழுகின்றது. அவ்வீட்டில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, வெளியேறுமுன் சொன்ன கவலை ஒன்றே: “புது வீட்டில என்ர குரல் என்ர குரலா இராது, பிள்ளை.” கேட்டவர்கள் சிரித்தனர். சிரித்திருக்க வேண்டியதில்லை.

நம் குரலை நாம் இரு வழியாற் கேட்கின்றோம். ஒன்று மண்டையோட்டின் எலும்பினூடாக உள்ளிருந்தே செவியை அடைவது. மற்றையது காற்றினூடாக வருவது; சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டு மீள்வதும் அதனோடு சேரும். ஒலிப்பதிவிலே தன் குரலைக் கேட்டு “இதுவா நான்?” என்று திடுக்கிடுபவர் முன்னதை இழந்தவர். வீடு மாறுபவர் இழப்பது பின்னதில் அறையின் பங்கை.

அப்பங்கை முறையாக அளந்து கூறியவர் ஹாவட் பல்கலைக்கழகத்து வொலஸ் சபைன். 1895இல் அங்கு திறக்கப்பட்ட விரிவுரை மண்டபமொன்றிற் பேச்சு விளங்கவில்லை. அவர் இரவுகளில் அயல் அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஒலி ஓயும் நேரத்தை அளந்தார். அறையின் கனவளவு மிகின் அந்நேரம் மிகும். துணியும் மெத்தையும் மனித உடலும் மிகின் குறையும்.

இன்று கணினி இதற்கும் அப்பாற் சென்றுவிட்டது. அறையிற் பலூனொன்றை உடைத்து, அவ்வெடியொலி தேய்ந்து மறைவதைப் பதிந்தால், அது அவ்வறையின் கைரேகை. பின்னர் எங்கிருந்து பேசினும், பேச்சோடு அதனைக் கணித முறையிற் கூட்ட, அவ்வறையிற் பேசியது போலவே கேட்கும். ஸ்தான்போட் பல்கலைக்கழகத்தார் 2010இல் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் இவ்வாறே பலூன் உடைத்தனர். அங்கு ஒலி ஓயப் பத்து வினாடிக்கு மேலாகும். விரைந்து பாடினால் சொல்லின்மேற் சொல் விழும். 2013இல் கப்பெல்லா றொமானா குழுவினர் கலிபோர்னிய மண்டபமொன்றிற் பாடியபோது, அப்பெருங்கட்டடத்தின் முழக்கம் அவர்தம் குரலோடு உடனுக்குடன் சேர்க்கப்பட்டது.

தெஹிவளை வீட்டுக்கு இத்தனை ஆரவாரம் தேவைப்படவில்லை. பேத்தியின் கைத்தொலைபேசியும் நான்கு பலூன்களும் போதுமாயின. முதற் பலூன் உடைந்த கணத்திற் பாணந்துறைப் புகையிரதம் கடந்தது; பதிவு கெட்டது. மற்றவை நன்கு அமைந்தன. கட்டிலும் திரைச்சீலையும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் கூடத்து மூலையிலிருந்த பெரிய புத்தக அலுமாரியை முதல்நாளே லொறியில் ஏற்றிவிட்டார்கள்.

புது வீட்டின் சிறிய அறையிற் செவியை அடைக்காத ஹெட்போனை மூதாட்டிக்கு மாட்டினாள் பேத்தி. முன்னே ஒலிவாங்கி. என்ன பேசுவதென்று அவர் சற்றே தயங்கினார். பிறகு, புகையிரதம் வரும்போதெல்லாம் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததையே சொன்னார்: “பிள்ளை, அந்த யன்னலைச் சாத்து.”

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறையும் சொன்னார்.

“வீடு தான். ஆனா மூலையில ஏதோ வெறிச்செண்டு கிடக்குது. அலுமாரி எங்க?”